சங்கத் தலைவர் கையெழுத்து

உ
ராஜா அண்ணாமலைபுரம்,
16 ஜூன் 2024

முத்துமாரி அவர்களுக்கு,

உங்கள் மகள் பவிஷா சுகமாக இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மற்றதை மெதுவாகப் படிக்கலாம். உங்கள் கால் எப்படி இருக்கிறது? கம்பி வைத்த எலும்பு சேர்ந்துவிட்டதா?

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் மாணிக்கவாசகம். தி.நகரில் பாத்திரக் கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பதினேழு வயதில் பட்டணம் வந்து, இன்னொருவர் கடையில் எவர்சில்வர் குடம் துடைத்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவன். வீட்டில் நானும் மனைவி ஸ்வர்ணலதாவும் மட்டும். பிள்ளை இல்லை. தாய் எழுந்து நடக்கும்வரை ஒரு குழந்தைக்கு வளர்ப்பு வீடாக இருக்க முடியுமா என்று குழந்தை நல அலுவலகத்து ஜெயஸ்ரீ மேடம் கேட்டார். சரி என்றோம்.

நீங்கள் தங்கியிருக்கும் பெண்கள் இல்லத்திலிருந்து போனில் பேசிய அன்று பவிஷா போனைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பிறகு காய்ச்சல் கண்டுவிட்டது. அதனால் கொஞ்ச காலத்துக்குக் கடிதம் மட்டும் போதும் என்று குழந்தை நலக் குழு சொல்லியிருக்கிறது. எனக்கும் அதுதான் வசதி. போனில் பேசினால் எனக்கு வாய் நிற்காது.

கடைக்குக் கூட்டிப்போனேன். நுழைந்ததும், “இன்னா மாமா, இவ்ளோ குண்டான் கீது, யாரு வூட்ல கல்யாணம்?” என்று கேட்டாள். கடையே சிரித்தது.

எங்களை மாமா, அத்தை என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறோம். அப்பா, அம்மா என்ற பேச்சு கிடையாது. அந்த இடம் உங்களுடையது. நீங்கள் குணமாகி வாருங்கள், உங்கள் பிள்ளையைப் பத்திரமாக ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்


திருப்போரூர் இல்லம்,
28 ஜூன் 2024

அண்ணாச்சிக்கும் அண்ணிக்கும் முத்துமாரி எழுதிக்கொண்டது. கடைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருக்க வேண்டும் என்று எங்கள் குப்பத்து எல்லையம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். கால் பரவாயில்லை. வாக்கர் போய் இப்போது ஒற்றைக் கம்பு. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் திரும்பும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். பவிஷா அப்பா அங்கமுத்து கேரளாவுக்கு மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டார். பக்கத்து வீட்டு தேசம்மாதான் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே நான்கு பிள்ளைகள்.

பவிஷா தூங்கும்போது புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொள்வாள். மிக்சி ஓடினால் காதை மூடிக்கொள்வாள். வயிற்றுவலி என்று சொன்னால் நம்பாதீர்கள், அது பள்ளிக்கூடத்து வயிற்றுவலி.

ஒரு உதவி கேட்கலாமா? பூட்டுப் போட்ட கதவு உள்ள வீடு, மாதாமாதம் சம்பளம் வரும் வேலை, இரண்டும் இருந்தால் பிள்ளையைத் தருவோம் என்று குழுவில் சொன்னார்கள். வீட்டுக்கு இல்லத்தில் உதவுகிறார்கள். வேலைதான் இல்லை. இனி கூடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், உட்கார்ந்து செய்யும் வேலையாக இருக்க வேண்டும். தி.நகரில் ஒரு வியாபாரிகள் சங்கம் அலுவலகத்தோடு சேர்ந்து தாய்மார்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறதாம். அதன் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் குழு ஒப்புக்கொள்ளுமாம். உங்களுக்கு அவரைத் தெரிந்திருந்தால் என் பெயரைக் காதில் போட்டு வையுங்கள்.

அண்ணிக்கு என் கும்பிடு.

முத்துமாரி


குழந்தை நல அலுவலகம், அடையாறு,
11 ஜூலை 2024

பெறுநர்: தலைவர், பாத்திர – ஜவுளி வியாபாரிகள் நேயச் சங்கம், தி.நகர்

அன்புள்ள மாணிக்கவாசகம் சார்,

வணக்கம். உடல்நலம் எப்படி? ஸ்வர்ணலதா மேடம் முழங்கால் வலிக்கு மருந்து எடுக்கிறார்களா?

நம் இரு தரப்பும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு வளர்ப்புக் குடும்பங்கள் பாதியில் விலகுவது நின்றுவிட்டது. சங்கம் அனுப்பும் மளிகைப் பை, பள்ளிச் சீருடை, சனிக்கிழமைக் கூட்டம் எல்லாமே காரணம். “நமக்குப் பின்னால ஆள் இருக்கு” என்று ஒரு வளர்ப்புத் தாய் என்னிடம் சொன்னார். எங்கள் அலுவலகம் மட்டும் இருந்தவரை அதை யாரும் சொன்னதில்லை.

இப்போது பவிஷாவின் தாய் முத்துமாரிக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று தேவை. ஒப்பந்தப்படி வேலை உறுதிக் கடிதத்தில் சங்கத் தலைவர் மட்டுமே கையெழுத்திட வேண்டும். சங்கத்தின் பெயரில் ஆளாளுக்கு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று நீங்களே பிடிவாதமாகச் சேர்த்த விதி அது.

குழந்தை உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். இதில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு வழி யோசிப்போம்.

அன்புடன்,
ஜெயஸ்ரீ


தி.நகர்,
20 ஜூலை 2024

ஜெயஸ்ரீ மேடத்துக்கு வணக்கம். நாங்கள் நலம். ஸ்வர்ணலதாவின் முழங்கால் மருந்தைவிட பவிஷா பின்னால் ஓடுவதில் நன்றாகிவிட்டது.

வேலை விஷயம். இது ஆடித் தள்ளுபடி நேரம். எல்லாக் கடையிலும் ஆள் எடுக்கிறோம், ஆனால் எல்லாம் காலை முதல் நின்றபடி பார்க்கும் வேலை. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பழைய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களை எழுப்பிவிட்டுப் புது ஆளை உட்காரவைக்க முடியாது. தீபாவளி முடியட்டும். ஆறப்போட்டுப் பார்ப்போம். அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுத்து, அந்த அம்மாள் பாதியில் விட்டு, பிள்ளை மறுபடி அலைவதைவிட அது மேல்.

சங்கடம் ஒன்றும் இல்லை. எனக்கு வீடு வேறு, தொழில் வேறு.

மாணிக்கவாசகம்


உ
ராஜா அண்ணாமலைபுரம்,
18 ஆகஸ்ட் 2024

முத்துமாரிக்கு,

நலம். நலம்தானே? கம்பு இல்லாமல் நடக்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம். எலும்பு சேர்வதற்கு அதன் நேரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

பவிஷா ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். ஸ்கூலில் தமிழில் முதல் ஆள். கணக்கில் கடைசியிலிருந்து எண்ணினால் முதல். சாயங்காலம் நான்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். தம்ளரை வைத்துக் கூட்டல், கரண்டியை வைத்துக் கழித்தல். நேற்று, “மாமா, உங்க கடைல இருந்து எவ்ளோ கழிச்சாலும் தீரவே மாட்டேங்குது” என்றாள்.

ஒரு நல்ல சேதி. நாங்கள் சைவம். வந்த புதிதில் தட்டைத் தள்ளிவிட்டு மீன் கேட்டு அழுவாள். நாங்கள் திணறிப்போனோம். இப்போது கேட்பதே இல்லை. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். போன வாரம் தெருவில் மீன்காரி குரல் கேட்டது, மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறார்கள் பாருங்கள். நீங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வேலை விஷயம் சங்கத்தில் இருக்கிறது. நேரம் வரும்போது நடக்கும்.

மாணிக்கவாசகம்


உ
ராஜா அண்ணாமலைபுரம்,
20 அக்டோபர் 2024

முத்துமாரிக்கு,

ஆகஸ்டில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. செப்டம்பர் போய்விட்டது. உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா? இல்லத்தில் விசாரித்தேன், நன்றாக நடக்கிறார், சமையல்கட்டில் உதவி செய்கிறார் என்றார்கள். கேட்டு நிம்மதி. பிறகு ஏன் எழுதவில்லை?

பவிஷா கேட்கிறாளோ என்று நினைப்பீர்கள். தபால்காரர் வரும் நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தீபாவளிக்கு மயில்கழுத்துப் பச்சையில் பட்டுப்பாவாடை எடுத்திருக்கிறோம். அவளே தேர்ந்தெடுத்தாள்.

இரண்டு வரி எழுதிப் போடுங்கள். ஸ்வர்ணலதா தவிக்கிறாள்.

மாணிக்கவாசகம்


திருப்போரூர் இல்லம்,
19 நவம்பர் 2024

அண்ணாச்சிக்கு முத்துமாரி எழுதுவது. நான் நல்லா இருக்கிறேன். நீங்கள் நல்லா இருப்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்.

போன சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தாய்மார்களும் வரட்டும் என்று ஜெயஸ்ரீ மேடம் கடைசி நேரத்தில் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். கடையில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பியிருந்தீர்களே, அதனால் முகம் தெரிந்தது. ஏன் சால்வை என்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். “இன்னா இப்படிக் கேக்குற, இவருதான் தலைவரு. இவரு கையெழுத்துப் போட்டாதான் அல்லாம்” என்றாள்.

நீங்கள் மைக்கில் பேசினீர்கள். இந்தப் பிள்ளைகள் நம் வீட்டில் தங்கிப் போக வந்தவர்கள், பிடித்து வைக்கக் கூடாது என்று. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்களே.

அப்புறம் பவிஷா என்னிடம் வந்தாள். நேராக வரவில்லை. உங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள்.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவள் மீன் கேட்பதில்லை என்பதை நல்ல சேதி என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை. அவளுக்குப் பல் முளைத்ததும் நான் ஊட்டியது சுறாப்புட்டு. நான் கூடையை இறக்கி வைத்ததும் ஓடிவந்து என் கையை மோந்து பார்த்து, இன்றைக்கு என்ன மீன் விற்றேன் என்று சொல்லுவாள். சரியாகவும் சொல்லுவாள். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டது மீன்காரியைப் பார்த்து. நானும் மீன்காரிதான் அண்ணாச்சி. ஒவ்வொரு வாய்ச் சோறாக என்னை மறக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் எழுதுவது?

வேலை விஷயம். நானும் வியாபாரம் பண்ணியவள். நல்ல வஞ்சிரம் கிடைத்து, அதை விற்க மனசு வராவிட்டால் கூடை அடியில் ஈரத்துணி போட்டு மூடிவிடுவோம். கேட்டு வருகிறவரிடம் “இன்னிக்கு வரத்து இல்ல நைனா, தீபாவளி கழிச்சு வா” என்போம். நீங்கள் எதை மூடி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை ஜெயஸ்ரீ மேடத்திடம் சொல்லலாம். சொன்னால் அவர் சும்மா இருக்க மாட்டார். உங்கள் மேல் புகார் என்று ஆனதும் பவிஷாவை உங்கள் வீட்டிலிருந்து எடுத்து விடுதியில் வைப்பார்கள், எனக்கு வேலை கிடைக்கும்வரை. அந்த விடுதியை நான் பார்த்திருக்கிறேன். வரிசையாக இரும்புக் கட்டில். யாரும் யாருக்கும் மாமா இல்லை, அத்தை இல்லை. என்னையும் இழந்து உங்களையும் இழந்து அங்கே போய் அவள் யார் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள்?

அதனால் சொல்ல மாட்டேன். நான் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முத்துமாரி


உ
தி.நகர்,
8 டிசம்பர் 2024

முத்துமாரிக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.  வேலைப் பேச்சை எடுக்கிறேன்.

இருவருக்கும் கட்டுப்படியாகும் வழி ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு அறை. தனிக் குளியலறை உண்டு, படி வெளியே இருக்கிறது. கதவுக்குப் பூட்டும் உண்டு. அதில் நீங்கள் தங்கிக்கொள்ளுங்கள். வாடகை வேண்டாம். எங்கள் கடையிலேயே பில் போடும் இடத்தில் உட்காரலாம், நாற்காலி போட்டுத் தருகிறேன். பவிஷாவுக்குப் பள்ளிக்கூடம் மாறாது. சாப்பாடு, படிப்பு, எதுவும் மாறாது. கீழே இருந்து மேலே வருவாள், மேலே இருந்து கீழே வருவாள். யாரும் யாரையும் விட வேண்டியதில்லை.

ஜெயஸ்ரீ மேடத்திடம் பேசிவிட்டேன். குழு சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும் என்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, நான் கடையில் கிடப்பவன். ஸ்வர்ணலதாவால் தாங்க முடியாது. பிள்ளை போய்விட்டால் படுத்துவிடுவாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

இதற்கு என்றால் இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன்.

மாணிக்கவாசகம்


திருப்போரூர் இல்லம்,
2 ஜனவரி 2025

அண்ணாச்சிக்கு முத்துமாரி. புது வருஷத்தில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு வாரமாக யோசித்தேன். இல்லத்தில் எல்லாரும், “உனக்கு அதிர்ஷ்டம்டி, பெரிய வூட்ல குடி போற” என்கிறார்கள். ஜெயஸ்ரீ மேடமும் சிரித்த முகத்தோடு கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம்கூட என் கையில் இல்லை. இருக்கிற காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

உங்களிடம் மட்டும் கேட்கிறேன். கடையில் உங்களிடம் ஏச்சு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து உங்கள் எதிரில் என் பிள்ளையை நான் எப்படி அதட்டுவேன்? அவள் என்னோடு கோபித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால், கதவைச் சாத்தி மேலே அனுப்புவீர்களா? வேலையை விட்டால் வீடு போகும். வீட்டை விட்டால் வேலை போகும். இரண்டையும் விட்டால் பிள்ளை போகும். எனக்கு எண்ணத் தெரிந்தது இவ்வளவுதான்.

மாடியில் மீன் சமைக்கலாமா என்றும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சம்மதம் என்று எழுதுகிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. மனசோடு போட்டது இல்லை.

முத்துமாரி


ராஜா அண்ணாமலைபுரம்,
12 ஜனவரி 2025

தங்கச்சி முத்துமாரிக்கு ஸ்வர்ணலதா எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கால் வலி எப்படி இருக்கிறது? பனிக்காலம், வெந்நீர் ஒத்தடம் விடாதே. உரிமையாக நீ என்று எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபடி, “சம்மதம்னு எழுதிட்டா” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். கடிதத்தை டிவி மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். படித்தேன். அதற்கு முந்தைய உன் கடிதங்களையும் கேட்டு வாங்கிப் படித்தேன்.

என்னால் தாங்க முடியாது என்று உனக்கு எழுதினாராம், கேட்டதும் அவரே சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. தாங்க முடியாதுதான். தாங்கித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்துதான் ஜூன் மாதம் வாசல் கதவைத் திறந்தேன். கடையை ஏழு மணிக்கே பையன்களிடம் விட்டுவிட்டு வருவது நான் இல்லை. நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதுவது நான் இல்லை. “மாமா” என்று ஒரு சத்தம் கேட்டால் குளிக்கிற ஈரத்தோடு ஓடிவருவதும் நான் இல்லை. அந்த மனுஷனுக்குத் தன் பெயரைச் சொல்லி ஒரு ஆசையைக் கேட்டுப் பழக்கம் இல்லை. எதைக் கேட்பதென்றாலும் கடை பெயரைச் சொல்லுவார், இல்லை என் பெயரைச் சொல்லுவார்.

பிள்ளையை மாடிக்கு விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன். “அவ யாரு வீட்டுப் பிள்ள?”

“நம்ம கூட இருந்தா நல்லா படிப்பால்லா” என்றார்.

“படிப்பா. அவ அம்மை நம்ம மொகத்தைப் பாத்துப் பாத்து வாயைத் திறப்பா. அதையும் சேர்த்துப் படிச்சுக்கிடுவா.”

“நான் என்ன அவளைக் கொத்தடிமையாவா கூப்பிடுதேன்? சும்மா கிடக்க ரூம்புதானே?”

“சும்மா கிடக்க ரூம்புக்கு இம்புட்டு நாளா நீங்க ஒரு ஆளை வச்சதில்லியே” என்றேன்.  

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஹாஜிரா பீ என்று ஒருவர் குக்கருக்கும் வாணலிக்கும் கைப்பிடி பொருத்தும் பட்டறை நடத்துகிறார். சங்கத்தில் உறுப்பினர். பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்கிற வேலை. கோலமாவு வாங்கப் போன இடத்தில் பார்த்தேன். “உங்க ஊட்டுக்காரர்கிட்ட ஆகஸ்ட்லயே ரெண்டு பொம்பளங்க வேணும்னு சொன்னேனே மா, மறந்துட்டாரா?” என்று கேட்டார்.

மறக்கிற ஆள் இல்லை அவர்.

நீ மாடிக்கு வர வேண்டாம் முத்துமாரி. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. நீ வந்தால் நானும் கொஞ்ச நாளில் அவளை உன்னிடம் கேட்காமல் கூப்பிடத் தொடங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் பொங்கல் வியாபாரம் தலைக்கு மேல் கிடக்க, மத்தியானம்வரை கடைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் உனக்கும் தெரியும்.

ஸ்வர்ணலதா


தி.நகர்,
24 ஜனவரி 2025

ஜெயஸ்ரீ மேடத்துக்கு வணக்கம். பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா?

முத்துமாரிக்கு எங்கள் மாடி அறையும் எங்கள் கடை வேலையும் என்று நான் சொன்ன ஏற்பாட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குழுவுக்கு அதை அனுப்ப வேண்டாம்.

ஹாஜிரா பீ பட்டறையில் வேலை இருக்கிறது. ஆகஸ்டிலேயே ஆள் கேட்டார், நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை. மழுப்பிச் சொல்லி என்ன ஆகப் போகிறது? சங்கடம் உண்டா என்று நீங்கள் கேட்டபோது இல்லை என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

உறுதிக் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன். இனி இந்தக் கையெழுத்து துணைத் தலைவர் சுப்பராமனுடையது. செயற்குழுவில் நேற்றே எழுதி நிறைவேற்றியாயிற்று: தன் வீட்டில் பிள்ளை வளரும் எவரும் அந்தப் பிள்ளையின் தாய் விஷயத்தில் கையெழுத்திடக் கூடாது. சுப்பராமன், “என்ன அண்ணாச்சி, நீங்க போட்ட விதியை நீங்களே மாத்துறீங்க?” என்றார். “விதி போட்டப்ப வீட்ல பிள்ளை இல்ல வே” என்றேன். கேட்டுவிட்டுக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பட்டென்று. எனக்கு அது பிடிக்கவில்லை.

இதைப் படித்ததும் பிள்ளையை எடுத்து விடுதியில் வைக்க வேண்டும் என்று உங்கள் சட்டம் சொல்லலாம். குழு கூடுவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதுவரை இங்கேயே இருக்கட்டும், இங்கிருந்தே தாய் கைக்குப் போகட்டும். இதைத் தலைவராகக் கேட்கவில்லை.

மாணிக்கவாசகம்


ஈக்காட்டுத்தாங்கல்,
21 ஏப்ரல் 2025

அண்ணாச்சிக்கும் அண்ணிக்கும் முத்துமாரி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பவிஷாவும் சுகம். வெயில்தான் கொல்லுகிறது, ஒற்றை அறை, மேலே தகரம். சம்பளம் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போகிறது. ஹாஜிரா பீ அம்மா வாய் நீளம், மனசு நல்லது. இரண்டு நிமிஷம் லேட்டாகப் போனால், “இன்னா மகாராணி, பல்லக்கு வரலியா?” என்பார். கால் நீட்டி உட்கார ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

குழு அலுவலக வாசலில் பிள்ளையை என் கையில் கொடுத்தீர்கள். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், அவள் அழுது முடிக்கட்டும், நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினீர்கள். அழுதாள். அத்தை வேண்டும், மாமா வேண்டும் என்று சோற்றைத் தள்ளினாள். என் எதிரில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே உங்களைக் கேட்டாள். நான் மீன் குழம்பு வைத்த அன்று முள் இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். என் பிள்ளை என்னைக் கேட்டாள். இப்போது அழுகை நின்றுவிட்டது. நின்று பல நாள் ஆகிறது. நான் உங்களைக் கூப்பிடவில்லை.

போன சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் பட்டறையிலிருந்து வரும்போது, எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். அண்ணி கூட இல்லை. கையில் பை எதுவும் இல்லை. அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததும் அவள் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். “இன்னாம்மா?” என்றாள். “வண்டி வருது” என்றேன். வண்டி ஒன்றும் வரவில்லை.

அவள் உங்களைப் பார்த்திருந்தால் ரோட்டுக்குக் குறுக்கே ஓடியிருப்பாள். அந்த ஓட்டத்தை நான் பார்க்க வேண்டாம் என்றுதான் திருப்பினேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடவும் முடியாது. நீங்கள் இதையே செய்தபோது உங்களை வைது எழுத எனக்குத் தெரிந்தது. இப்போது அந்த இடத்தில் நானே நிற்கிறேன். இங்கிருந்து எப்படி நகர்வது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். சோறு வடித்து, அவளைக் குளிப்பாட்டி, பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். அந்த வரி வரவில்லை.

நீங்கள் இன்னொரு தடவை வந்து நின்றால் நான் அவளைத் திருப்ப மாட்டேன். இப்போதைக்கு என்னால் எழுத முடிந்தது அவ்வளவுதான்.

முத்துமாரி